ஆடிட் வாய்

கோயம்புத்தூர்
19-1-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சுபஸ்ரீ எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு இந்தக் குளிரில் முழங்கால் வலி கூடியிருக்கும். தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.

பொங்கலன்று நான் போனில் பேச்சை ஆரம்பித்ததும், "உன்கிட்டப் பேசினா ரெக்கார்டு பண்ணுவே, உன் பொழப்பே அதுதானே. எதுன்னாலும் எழுதி அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன். கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் பனியன் கம்பெனி வரவேற்பறையில் என் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் உங்களிடம் வேலை செய்யும் இளவயதுக்காரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நான் எழுதியது அது. தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்டேன். ஒருவர் விடாமல் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். அத்தனை பேரும் நன்றாக இருக்கிற இடம் எங்கேயும் கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவதற்கு முன்னால் உங்கள் மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துப் பதில் சொல்லிக் கொடுக்கிறார். பேனாவும் பேப்பருமாக யார் வந்து கேட்டாலும் சம்பளம் சரியாக வருகிறது, ஓவர்டைம் இல்லை, குறை ஒன்றும் இல்லை. என்னையும் ஆடிட் என்றே நினைத்திருக்கிறார்கள். விடைகளை முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிற பள்ளிக்கூடம் எப்படியோ அப்படித்தான் அந்தக் கண்ணாடியும்.

இன்னொன்று. உங்கள் கம்பெனிக்குப் பின்தெருவில் சாமியப்பன் என்பவரின் லைன் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருப்பேன். எப்படியும் உங்கள் காதுக்கு வரும் என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

தங்கள் தங்கை
சுபஸ்ரீ


முதலிபாளையம்
27-1-2025

டாக்டர் பாப்பா அவர்களுக்கு,

அண்ணன் சுரேந்தர். நலம். அம்மாவும் நலம். தைலம் திருப்பூரிலும் விற்கிறார்கள்.

கேள்வி கேட்டது நீ. எழுதியது நீ. கையெழுத்துப் போட்டது நீ. இப்போது கழற்று என்பதும் நீ. தான் தைத்த பீஸைத் தானே கிழிக்கிற டெய்லரை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் போன வருடம் ஜெர்மனிக்காரன் "வெரி குட்" என்றான். அது அங்கேயே இருக்கும்.

என் ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதில் உனக்கு என்ன வருத்தம்? பையன் வேலை செய்கிறான், சாப்பிடுகிறான், ரீல்ஸ் பார்க்கிறான், தூங்குகிறான். மனசு, மனநலம் என்று நீ போய்ச் சொன்ன பிறகுதான் அவனுக்கு வியாதி வரும். எவனோ ஒருத்தன் வேலையை விட்டுப் போனதற்கு நீ சிவகங்கை வரைக்கும் போய் விசாரித்தாயாம். மேனேஜர் சொல்லிச் சிரித்தார்.

அறை எடுத்தால் எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை எவனும் வரமாட்டான். ஒரு வாரம் உழைத்தவன் பிரியாணிக்குப் போவானா, உன் கேள்விக்குப் பதில் சொல்ல வருவானா?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

சுரேந்தர்


கோயம்புத்தூர்
9-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

"எவனோ ஒருத்தன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பெயர் ஜெயபாண்டி. உங்கள் பிளாட்லாக் மெஷின் டெய்லர். ஒரு நாள் துணியை மெஷினில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. உங்கள் மேனேஜர் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் தேடிப் போனபோது அவன் அம்மா சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க ஆடிட்டுக்கு வந்தவுகதானக்கா?" என்றான். அப்போதே நான்கு மாதமாகத் தூக்கமில்லாதவன் என் தாளில் "நன்றாகத் தூங்குகிறேன்" என்று எழுதியிருந்தான். என் ஆராய்ச்சி முடிந்தது அங்கேதான். மற்றது தொடங்கியதும் அங்கேதான்.

நீங்கள் சொன்னது ஓரளவு சரி. முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு உங்கள் செக்கிங் பிரிவில் இருக்கும் நதியா மட்டும் வந்தாள். நான் பையைத் திறந்ததும், "அக்கா, அந்தப் பேனாவை உள்ள வெச்சிருங்க. பேனாவைக் கண்டா எங்களுக்கு ஆடிட் வாய்தான் வருமுங்க" என்றாள். எடுத்து வைத்துவிட்டேன். அதன்பின் அறையை நடத்துவது அவர்கள்தான். நான் பாய் விரிக்கிறேன்.

எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் செக்கிங்கில் பீஸில் எங்கே குறையோ அங்கே அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் இல்லையா? அது பீஸைத் திட்டுவதில்லை. இங்கே கவனிக்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். நதியா அதைக் கொண்டுவந்தாள். முடியாமல் இருப்பவர் தன் சட்டையில் ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பக்கத்தில் போய் உட்காருவார்கள். "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டியவராகப் பேசினால் கேட்பார்கள். தூக்கம் போய் ஒரு வாரத்துக்கு மேலானவரை யாராவது ஒருவர் கூடவே பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இது அவர்களே வைத்துக்கொண்ட விதி.

நம் கடிதங்களும் "நலம், நலம்" என்றுதான் தொடங்குகின்றன. யோசித்துப் பாருங்கள்.

சுபஸ்ரீ


முதலிபாளையம்
3-4-2025

சுபஸ்ரீக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. இங்கே வேலை இருக்கிறது.

என் ஸ்டிக்கர் ரோல் ரோலாகக் காணாமல் போவது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. திருடுகிறவளுக்கு நீ தலைவி வேறு. இருபத்தெட்டு வயதில் ஆராய்ச்சி, பட்டம் எல்லாம் வாங்கி, கடைசியில் பின்தெருவில் பாய் விரிக்கிறாய். நம் சொந்தபந்தத்தில் யாராவது கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? தங்கச்சி பாய் விரிக்கிறாளுங்க என்றா?

இரண்டு விஷயம். ஒன்று, சாமியப்பனிடம் பேசிவிட்டேன். அவர் வீட்டில் குடியிருப்பவர்களில் முக்கால்வாசி என் ஆட்கள். அவருக்குப் புரிந்தது.

இரண்டு, எனக்குப் பெண் முடிவாகியிருக்கிறது. காங்கேயம் பக்கம். ஆவணியில் கல்யாணம். இணைச்சீர்ச் சடங்குக்கு என்னோடு கூறைச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது கூடப்பிறந்தவள். ஊர் முழுக்கப் பார்க்கும் இடம் அது. என் கம்பெனிக்கு எதிராக ஆள் சேர்க்கிறவளை அந்த இடத்தில் நிறுத்த முடியாது. பெரியப்பா மகள் கிருத்திகாவும் எனக்குத் தங்கைதான். ஞாயிற்றுக்கிழமைக் கடையைக் கட்டு, வந்து நில். இல்லை என்றால் அவள் நிற்பாள்.

அம்மாவுக்கு நீ எழுதுவது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சுரேந்தர்


கோயம்புத்தூர்
10-4-2025

அண்ணனுக்கு,

பெண் முடிவானதற்கு வாழ்த்துகள். பெயர் எழுத மறந்துவிட்டீர்கள்.

போன ஞாயிறு போனபோது அறையில் வேறு பூட்டு தொங்கியது. சாமியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க அம்மிணி, உங்க அண்ணனோட வம்பு எனக்கெதுக்குங்க" என்றார். அவர் மேல் வருத்தமில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து உங்களிடம் அயர்னிங் செய்யும் ராபின் அன்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். தெருவில் வெயிலில் நின்றான். மற்றவர்களும் நின்றார்கள். சாத்திக்கொள்ளக் கதவு இல்லாததால் யாரும் பேசவில்லை, யாரும் போகவும் இல்லை.

நான் கம்பெனிக்கு எதிராக ஆள் சேர்க்கவில்லை. ஒரு பையன் துணியில் கை வைத்தபடி உறைந்து போகாமல் இருக்க ஓர் இடம் வேண்டும் என்கிறேன். இது உங்களுக்குப் பகையாகத் தெரிந்தால் அப்படியே இருக்கட்டும்.

சீருக்காக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட முடியாது. விடுவதற்கு அது என்னுடையதும் அல்ல. அம்மாவுக்கு மாத்திரை தவறாமல் கொடுங்கள்.

சுபஸ்ரீ


முதலிபாளையம்
16-6-2025

அன்புள்ள சுபா கண்ணுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இளைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

நடந்தது நடந்துவிட்டது. பெரிய பையர் ஒருத்தன் வந்திருந்தான். உன் கண்ணாடியின் முன் நின்று படித்துவிட்டு, "இளைஞர்களின் மனநலத்துக்கு இப்போது என்ன செய்கிறீர்கள், தொழிலாளர்களே நடத்தும் குழு ஏதாவது உண்டா?" என்று கேட்டான். அது இருந்தால் ஆடிட்டில் மார்க் கூடுமாம். எனக்குச் சட்டென்று உன் ஞாபகம்தான். "இருக்கிறது, என் தங்கைதான் டாக்டர்" என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

மேல்மாடியில் சாம்பிள் ரூமைக் காலி செய்து தருகிறேன். ஏசி இருக்கிறது. நாற்காலி போடலாம், பாய் எல்லாம் வேண்டாம். கம்பெனி பெயரில் ஒரு பேனர், வருகைப் பதிவு, மாதம் ஒரு போட்டோ, வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்டிக்கர் எத்தனை ரோல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். வேண்டுமானால் கம்பெனி பெயர் போட்டே அடித்துக் கொடுக்கிறேன்.

சீருக்கு உனக்குப் பட்டு எடுக்க வேண்டும். என்ன கலர் என்று எழுது.

அன்புடன்
அண்ணன்


கோயம்புத்தூர்
29-6-2025

அண்ணனுக்கு,

என்னைக் கண்ணு என்று நீங்கள் கடைசியாகக் கூப்பிட்டது நான் பள்ளிக்கூடம் போகும்போது. கடிதத்தில் அதைப் பார்த்து ஒரு நிமிடம் ஏமாந்துவிட்டேன்.

உங்கள் ஏற்பாட்டை நான் மறைக்கவில்லை. அறை போன பின்னும் அங்கே இங்கே என்று கூடிக்கொண்டிருந்தவர்களிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். தீர்மானிக்க வேண்டியது அவர்கள். நதியா சொன்னாள்: "அது முதலாளி ஊடு மாதிரிங்க்கா. அங்க போனா அழுகறதைக் கூடச் சுத்தமா அழுகோணும்." ராபின், "ஏசி ரூம்ல அழுதா சளி பிடிக்கும்" என்றான். அவன் தமிழ் இப்போது தேறிவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

ஆடிட்டில் கேட்டால் "குழு இருக்கிறது, உதவியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்களாம். உங்கள் ஆர்டர் போனால் அவர்கள் வேலையும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது என்னைப் பற்றியது. "இனிமே நீங்க வராதீங்க்கா. நீங்க நல்லவங்கதான். ஆனா உங்களைப் புடிச்சுக்கிட்டு உங்க அண்ணன் வந்துருவாருங்க" என்றாள் நதியா. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். இனி எங்கே கூடுகிறார்கள், யார் யார் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டுப் பயனில்லை.

என் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக என் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். "உன் புதிய வேலைக்குப் புள்ளிவிவரம் எங்கே?" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். இல்லை என்றேன். அவரும் உங்களைப் போலத்தான் என்னைப் பார்த்தார்.

பட்டு எடுக்க வேண்டாம்.

சுபஸ்ரீ


முதலிபாளையம்
8-7-2025

சுபஸ்ரீக்கு,

சோறு போடுகிற கை இது. இதைக் கடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கையைத் தட்டிக்கொண்டு போகிறாய். தெரியாதாம்! எங்கே கூடுகிறார்கள் என்று ஒரு வாரத்தில் கண்டுபிடிப்பேன்.

அதற்கும் அவசியமில்லாமல் செய்துவிட்டேன். அமெரிக்காக்காரன் இறக்குமதி வரியை ஏற்றுவதற்குள் அவன் ஷிப்மென்ட் போயாக வேண்டும். இந்த வாரத்திலிருந்து ஞாயிறும் ஷிப்ட். கட்டாயம். எங்கே கூடுவார்கள், பார்க்கலாம்.

அறிக்கையை நீ திரும்பப் பெற்றால் பெற்றுக்கொள். என் சுவரில் இருப்பது என்னுடையது.

பத்திரிகை இத்துடன் இருக்கிறது. கிருத்திகாவுக்குச் சேலை எடுத்தாகிவிட்டது. அம்மா அழுதாள். அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள். விருந்தாளியாக வருவதென்றால் வா. பந்தி காலை ஏழரைக்கு.

சுரேந்தர்


கோயம்புத்தூர்
14-9-2025

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா? அண்ணி மேடையில் நெடுநேரம் நின்று களைத்துப் போயிருந்தார். கால் வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

விருந்தாளியாக வந்தேன். கிருத்திகா நன்றாகவே நின்றாள். கூறைச் சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கும்போது நீங்கள் ஒரு முறை கூட்டத்தைப் பார்த்தீர்கள். யாரைத் தேடினீர்களோ. நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவைப் பார்க்காமல் பந்திக்கு இறங்கிவிட்டேன். பார்த்திருந்தால் இருவருக்கும் கஷ்டம்.

பந்தியில் என் இரண்டு பக்கமும் உங்கள் செக்கிங் பெண்கள். "ஏனுங்க்கா மேடைல இல்ல?" என்று ஒருத்தி வாயெடுக்க, நதியா அவள் தொடையைக் கிள்ளினாள். பிறகு தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் எதையும் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

உங்கள் மேனேஜர் கை கழுவும் இடத்தில் வந்து, "எங்கீங்க கூடறாங்க, கொஞ்சம் சொன்னா நல்லாருக்கும்" என்றார். கல்யாண வீட்டில் கூடவா அண்ணா?

அம்மாவிடம் நான் வந்ததைச் சொல்லுங்கள்.

சுபஸ்ரீ


முதலிபாளையம்
2-11-2025

சுபஸ்ரீக்கு,

அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. உன் அண்ணி நலம்.

வரி வந்தபின் ஆர்டர் பாதியாகிவிட்டது. ஞாயிறு ஷிப்டை நானே எடுத்துவிட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நாலு லைனில் இரண்டு லைன் ஓடுகிறது. கண்டெய்னர் ஒன்று துறைமுகத்தில் நிற்கிறது. விடிகிற வரைக்கும் அதுதான் கண்ணில் நிற்கிறது. அது உனக்குப் புரியாது.

எழுதுவது அதற்காக இல்லை. உன் ஆட்கள் இப்போது என் கம்பெனிக்குள்ளேயே கூடுகிறார்கள். ஞாயிறு ஷிப்ட் போட்ட நாளிலிருந்தே இப்படித்தானாம். எனக்குத்தான் இப்போது தெரிகிறது. டீக்கு மணி அடித்ததும் கேண்டீனுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். காலரில் ஸ்டிக்கர். அதோடேயே மெஷினுக்கும் போகிறார்கள். அது பீஸில் ஒட்டி ஷிப்மென்ட்டில் போனால் யார் பதில் சொல்வது? நான் கிட்டப் போனால் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். என் கம்பெனியில், என் டீயைக் குடித்துக்கொண்டு!

போன செவ்வாய் என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போம் என்று போனேன். செக்கிங் டேபிளில் சாய்ந்து நின்றதில் என் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஜார்க்கண்ட் பையன் நகர்ந்து இடம் விட்டான். சும்மா நிற்பானேன் என்று உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மணி அடித்ததும் போய்விட்டார்கள். முதலாளியை உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது என்ன மரியாதை? மறுநாளும் இதே கதை. வெள்ளிக்கிழமையும்.

இதை நிறுத்தச் சொல். இல்லை, இது என்னதான் என்று ஒழுங்காக எழுது.

சுரேந்தர்


கோயம்புத்தூர்
9-11-2025

அண்ணனுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. என்னை அவர்கள் வெளியே அனுப்பி நாலு மாதத்துக்கு மேலாகிறது. கம்பெனிக்குள் கூடுகிறார்கள் என்பதே எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. உங்களுக்கு என்னைவிட இப்போது கூடுதலாகத் தெரியும்.

மறுநாளும் வெள்ளிக்கிழமையும் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கல்யாணத்தில் நீங்கள் செய்ததை மறக்கப் போவதுமில்லை. அது வேறு, இது வேறு.

ஒழுங்காக எழுது என்றீர்கள். ஆராய்ச்சிக்காரி என்ற முறையில் என்னிடம் ஒரே ஒரு சிபாரிசு இருக்கிறது. டீ நேரம் பத்து நிமிடம். வரிசையில் நின்று டம்ளர் வாங்கவே பாதி போய்விடும். மீதியில் பக்கத்தில் உட்காரத்தான் முடியும், ஒருவர் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். அதை இருபது நிமிடமாக்குங்கள். அந்த நேரத்தில் மேனேஜரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம், பையருக்குச் சொல்ல வேண்டாம். இத்தனை வருடம் படித்ததில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

சுபஸ்ரீ


முதலிபாளையம்
17-11-2025

சுபஸ்ரீக்கு,

இருபதெல்லாம் கட்டுப்படியாகாது. பதினைந்து.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

சுரேந்தர்